டிரங்குப் பெட்டியோடு வரச் சொல்லுங்கள், தம்பி

கேள்வி:

அன்புள்ள அக்கா,

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் உசிலம்பட்டி பக்கம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு கிராமங்களில் அறுபது பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. அதில் 19 பேர் கணவரை இழந்தவர்கள். அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று போன ஜூலை 26, கார்கில் வெற்றி தினத்தன்று கல்யாண மண்டபம் பிடித்து ஒரு கூட்டம் போட்டோம். மைக்செட், பொன்னாடை, பிரியாணி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் செலவு. அந்த 19 பேரில் வந்தது மூன்றே பேர். "கலெக்டர் ஆபீஸில்தான் நமக்கென்று குறைதீர்க்கும் கூட்டம் நடத்துகிறார்களே, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்" என்கிறார்கள் சங்கத்தில் பாதிப் பேர். மீதிப் பேர், ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினத்தன்று இன்னும் பெரிதாகச் செய்வோம் என்கிறார்கள். நாங்கள் எங்கே தப்புப் பண்ணினோம்?

— பெயர் வேண்டாம், உசிலம்பட்டி வட்டம்

பதில்:

உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். மெட்ராஸ் சாப்பர்ஸ்காரரைப் பட்டாளமே தம்பி என்றுதான் கூப்பிடும், அது இன்னொன்று. என் அப்பாவும் பட்டாளத்தில் நாயக்காக இருந்து வந்தவர்தான், அதனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்த மண்டபம் எனக்குக் கண்ணிலேயே தெரிந்தது.

முதலில் ஒன்று கேட்கிறேன். மண்டபத்து வாசலில் சந்தனம், குங்குமம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு என்று ஒரு தட்டு வைத்திருந்தீர்களா? வைத்திருப்பீர்கள். மண்டபம் பிடித்தால் அதுவும் கூடவே வந்துவிடும், யாரும் யோசித்து வைப்பதில்லை. பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெண்களில் யாராவது இரண்டு பேர் பட்டுச்சேலையில் நின்றிருப்பார்கள். புருஷன் செத்து இரண்டு வருஷமான ஒருத்தி அந்தத் தட்டைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று இவர்கள் ஒரு நொடி தயங்குவார்கள், அந்த ஒரு நொடியை அவள் பார்ப்பாள். சொந்த அண்ணன் மகன் கல்யாணத்துக்கே பந்தி நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டு வருகிறவள் உங்கள் கூட்டத்துக்காக முன்வாசல் வழியாக வருவாளா? அப்படியே வந்தாலும், மேடையில் ஏற்றி, மறைந்த இன்னாரின் மனைவி என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுப்பீர்கள். நீங்கள் மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். அவளுக்கு அது பதினாறாம் நாள் மறுபடி வந்த மாதிரி. என் அம்மா இப்படி ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவை போனார்கள், அதோடு சரி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஜூலை 26 ஆடி மாசம். ஆடியில் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையும் சல்லிசாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஆடிப்பட்டத்தில் விதைப்பை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நூறு நாள் வேலை நடக்கிற நாளாக இருந்தால் அன்றைய கூலியும் போகும். ஜனவரி 14 என்கிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953 ஜனவரி 14-ல் ஓய்வு பெற்றார், அதனால் அந்த நாள், சரி. டெல்லிக்கு அது சரியான நாளாக இருக்கலாம். நமக்கு அன்று போகி, இல்லாவிட்டால் பொங்கலே. பெண்கள் வாசலை விட்டு நகரமாட்டார்கள். ஆம்பிளைகள் அவனியாபுரத்துக்கும் பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் கிளம்பிவிடுவீர்கள். உங்கள் சங்கத் தலைவரே வரமாட்டார்.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வையுங்கள். இடம், பஸ் நிற்கிற ஊரில் உள்ள அரசுப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், தட்டும் வேண்டாம். பெஞ்சு போதும். அழைப்பிதழ் அச்சடிக்காதீர்கள், உங்கள் வீட்டு அம்மாவை இன்னும் ரெண்டு பேரோடு அந்த 19 வீட்டுக்கும் நேரில் போகச் சொல்லுங்கள். போய், "அக்கா, வீட்டில் உள்ள டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாங்க, உள்ளே என்ன இருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று மட்டும் சொல்லட்டும். இதற்கு வருவார்கள்.

அந்தப் பெட்டி உங்களுக்குத் தெரியும். கறுப்புப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர். எங்கள் வீட்டுப் பெட்டியில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், அந்துருண்டை வாசனையோடு ஒரு ஜெர்சி, பழைய மணியார்டர் துண்டுகள், அப்புறம் எட்டாக மடித்த பிபிஓ, அதாவது ஓய்வூதிய உத்தரவு. வருஷக்கணக்காக மடித்தே இருந்ததில் மடிப்பு சரியாக நம்பர் மேலேயே விழுந்து இரண்டு இலக்கம் தேய்ந்து போயிருந்தது. அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். அம்மாவின் பெயர்தான் பெரிய பாடாகப் போய்விட்டது. ஆதாரில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒன்று. நம் பக்கம் விருமாயியும் ஒச்சம்மாளும் மாயக்காளும் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், வடக்கே ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷில் எழுதியவருக்கு அதெல்லாம் எப்படிக் கேட்டிருக்குமோ, விருமாயி வீரம்மா ஆகியிருப்பார். கல்யாணமான புதிதில் பார்ட் டூ ஆர்டர் என்கிற பட்டாளத்துப் பதிவில் விழுந்த அந்த எழுத்துப்பிழை, புருஷன் உயிரோடு இருக்கிற வரைக்கும் தூங்கும். அவர் போன மறுமாதம் எழுந்து உட்காரும்.

அம்மா எட்டு மாதம் அலைந்தார்கள். ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பும், அங்கே போனால் மறுபடி இங்கேயே. கடைசியில் வழி சொன்னது அதிகாரி இல்லை, வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மா. அவர் ஏற்கெனவே அதே பாடு பட்டவர். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கு, ஆதார் நகலையும் டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பு, திருத்தின பிபிஓ வரும் என்று தன் பையைத் திறந்து காட்டியே சொன்னார். நீங்கள் நடத்த வேண்டியது அந்தப் பெஞ்சைத்தான் தம்பி.

கலெக்டர் ஆபீஸில்தான் நடக்கிறதே என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அந்தக் கூட்டம் மனு வாங்குகிற இடம். அடையாள அட்டை நகலோடு இரண்டு பிரதியாக மனுக் கொடுங்கள் என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் மனுவில் என்ன எழுதுவது? தன் குறை இன்னது என்று தெரிந்தவர்தான் மனு எழுத முடியும். "பென்ஷனைக் குறைத்துவிட்டார்கள்" என்று அழுதுகொண்டு வருகிற அம்மாவுக்கு உண்மையில் யாரும் குறைத்திருக்கமாட்டார்கள். ஓய்வு பெற்று வந்த பிறகு கணவர் இறந்தால், முதல் ஏழு வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதக் கணக்கில் குடும்ப ஓய்வூதியம் வரும். அதற்கப்புறம் 30 சதவீதத்துக்கு இறங்கும். இதை முன்னாலேயே ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்த அம்மா மகளுக்கு நகைச்சீட்டு போடும்போது கணக்குப் பார்த்துப் போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்றால், உங்களில் கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு பேர், இல்லாவிட்டால் இ-சேவை மையம் வைத்திருக்கிற பையன் ஒருவன், லேப்டாப்போடு உட்காரட்டும். ஒவ்வொருவராக ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு நாலையும் பெட்டியில் இருக்கிற காகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு நுழையவே முடியாது, ஏனென்றால் ஓடிபி போகிற நம்பர் செத்துப்போனவருடையதாகவோ திருப்பூருக்குப் போய்விட்ட மகனுடையதாகவோ இருக்கும். அதைத் திருத்துவதுதான் அன்றைக்கு முதல் வேலை. பொங்கலுக்குப் பின்னால் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலானவர்கள் உயிர்ச்சான்று கொடுப்பது நவம்பரில், அதைத் தவறவிட்டவர்கள் யார் என்று ஜனவரியில் தானாகவே தெரிந்துவிடும், பென்ஷன் நின்றிருக்கும். ஜீவன் பிரமாண் செயலியில் போனைப் பார்த்து முகத்தைக் காட்டினாலே போதும், நடக்க முடியாத பாட்டிக்கு வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம். ரேகை தேய்ந்த கைகளுக்கு இது பெரிய விடுதலை.

ஈசிஹெச்எஸ் என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டையையும் பாருங்கள். 2003-ல் வந்த திட்டம், மதுரையிலேயே பாலிகிளினிக் இருக்கிறது. ஆனாலும் கேன்டீன் கார்டைப் புதுப்பிக்க மறக்காத நம் ஆட்கள் மனைவி பெயரை இதில் சேர்க்க மறந்திருப்பார்கள். (கோட்டா பாட்டிலுக்கு இருக்கிற ஞாபகசக்தி! சரி, விடுங்கள்.) அவசரமாக இருந்தால் தவிர, பாலிகிளினிக்கில் பரிந்துரைச் சீட்டு வாங்காமல் நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் பில் நம் தலையில் விழலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

பென்ஷனே இல்லாமல் பாதியில் வந்தவர்கள் உங்கள் கிராமங்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் சங்கத்திலேயே சேர்ந்திருக்கமாட்டார்கள், கூச்சம். ஹவில்தார் ரேங்க் வரை இருந்து, 65 வயது தாண்டி, வருமானம் இல்லாமல் இருப்பவருக்கோ அவர் மனைவிக்கோ மத்திய அரசின் கேந்திரிய சைனிக் போர்டு கொடுக்கிற வறுமை உதவித்தொகை மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் தருகிற விண்ணப்பங்களுக்கு 8,000. அந்த உத்தரவு வந்த பிறகு நடக்கிற கல்யாணங்களுக்கு மகள் கல்யாண உதவியும் 50,000-த்திலிருந்து ஒரு லட்சமாகியிருக்கிறது, ஆனால் கல்யாணமாகி 180 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். மொய்க்கணக்கு பார்த்து முடிப்பதற்குள் அந்த 180 நாள் ஓடிவிடும். காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பிரதமர் கல்வி உதவித்தொகையைக் கேளுங்கள், தொழிற்படிப்பு, பிளஸ் டூவில் 60 சதவீதம், மாதம் பெண்ணுக்கு 3,000, பையனுக்கு 2,500. தொழில் தொடங்க நினைக்கிற உங்கள் வயதுக்காரர்களுக்கு மாநில அரசின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மானியம் என்று இருக்கிறது. ஆனால் அதை இந்த ஞாயிற்றுக்கிழமையில் கலக்காதீர்கள். கடன் பேச்சு வந்தால் ஆம்பிளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, இதை எழுதும்போதே மனசு கனக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கிற வீடு ஏதாவது இருந்தால் அவர்களை முதலில் உட்கார வையுங்கள். அந்தப் பிள்ளைக்குப் பெற்றோருக்குப் பின்னால் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, ஆனால் பெயரும் மருத்துவச் சான்றும் தாய் தகப்பன் இருக்கும்போதே பதிவில் ஏறிவிட்டால் பாடு குறைவு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் ஆபீஸ் ஆபீஸாக ஏறுவது?

அன்று மாலைக்குள் யாருக்கு என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதியாகிவிடும், மனுவும் இரண்டு பிரதி தயாராகிவிடும். அவரவர் கையெழுத்தை அவரவரே போடட்டும், கைநாட்டு என்றாலும் அவரே வைக்கட்டும். மகனையோ மருமகனையோ பக்கத்தில் உட்கார வைத்தாலும் கேள்வியை அந்த அம்மாவிடமே கேளுங்கள். என் அம்மாவுக்குத் தன் பென்ஷன் எவ்வளவு என்று அப்பா இறந்து மூன்று வருஷம் தெரியாது, நான்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

அப்புறம், மாவட்டக் குறைதீர்க்கும் கூட்டம் எந்தத் தேதி என்று அறிவிப்பு வந்ததும் எல்லோரையும் ஒரே வேனில் கூட்டிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை தயாரான மனுக்கள் அன்றைக்குப் போய்ச் சேரும். அடையாள அட்டை இல்லாதவர்கள் அதை எப்படி வாங்குவது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தனியாகப் போனால் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுகிறவள் பத்துப் பேரோடு போனால் உள்ளே போய்க் கேட்பாள்.

பிரியாணியை நிறுத்தச் சொல்லமாட்டேன், அது இருக்கட்டும். பொன்னாடைக் காசை ஜெராக்ஸுக்கும் நோட்டரிக்கும் வேனுக்கும் மாற்றுங்கள், 38,000-ல் மிச்சமே விழும். வேன் பேசும்போது மட்டும் உசிலம்பட்டியிலிருந்து நேராகக் கலெக்டர் ஆபீஸ் வாசல் வரை என்று பேசிவிடுங்கள். ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெட்டியோடு ஏறவிடமாட்டான்.