ஏடிஆர் நேர்முகத் தேர்வு: மூன்று வாரத்தில் எதைப் படிப்பது?

கேள்வி: மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: "சிபிஎல் (வணிக விமானி உரிமம்) முடித்து எட்டு மாதம் ஆகிறது. 200 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்திருக்கிறேன். ஏடிஆர் (ப்ரொப்பெல்லர் வைத்த சின்னப் பயணிகள் விமானம்) ஓட்டும் ஒரு பிராந்திய நிறுவனத்திலிருந்து டிரெய்னி ஃபர்ஸ்ட் ஆபீசர் (பயிற்சித் துணை விமானி) வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று வாரம்தான் இருக்கிறது. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்பா விசைப்படகுத் தொழில். படிப்புக் கடன் தலைக்கு மேல் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? வீட்டு நிலைமையைச் சொல்லலாமா, மறைக்கணுமா?"

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். சிபிஎல் கையில் வைத்துக்கொண்டு ஒரு அழைப்புக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது.

கேள்வி கேட்கும் பக்கம் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஏடிஆர் வேலைக்கு வரும் புதியவர்களில் பலர் ஏர்பஸ் 320-க்குப் படித்துவிட்டு வருகிறார்கள். ஜெட் என்ஜின், ஜெட் உயரம், பெரிய ஓடுபாதை என்று மனம் முழுக்க அங்கேயே இருக்கும். ப்ரொப்பெல்லரைப் பற்றி இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார்கள். அந்த இடத்திலேயே பேனலுக்கு, அதாவது நேர்காணல் குழுவுக்கு, புரிந்துவிடும்: இவருக்கு இந்த விமானத்தில் விருப்பமில்லை, பெரிய நிறுவனம் கூப்பிட்டால் போய்விடுவார். பிராந்திய நிறுவனங்களுக்கு இருக்கும் பெரிய கவலையே அதுதான். அதனால் உங்கள் மூன்று வாரத்தில் பாதியையாவது டர்போப்ராப்புக்கும் (டர்பைன் என்ஜினால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் விமானம்) சின்ன விமான நிலையங்களுக்கும் ஒதுக்குங்கள்.

உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்துவிலிருந்து கிளம்பும் கடற்படையின் டோர்னியர் 228-ஐச் சின்ன வயதிலிருந்தே தலைக்கு மேல் பார்த்திருப்பீர்கள். அதுவும் இரட்டை என்ஜின் டர்போப்ராப்தான். ஆனால் அதன் என்ஜினும் ஏடிஆர் என்ஜினும் வேலை செய்யும் விதம் வேறு. டோர்னியரில் உள்ள டிபிஇ331 என்ஜினில் ப்ரொப்பெல்லர் கியர் வழியாக என்ஜினின் மையத் தண்டோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கும். என்ஜின் ஓடினால் ப்ரொப்பெல்லரும் சுற்றியே ஆக வேண்டும். ஏடிஆர் 72-600-ல் இருக்கும் பிராட் அண்ட் விட்னி கனடா பிடபிள்யூ127 அப்படியல்ல. ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் பவர் டர்பைன் தனித் தண்டில் இருக்கிறது. என்ஜினின் சூடான வாயுப் பாய்ச்சல் மட்டும்தான் அதைத் தள்ளுகிறது. அதனால்தான் தரையில் நிற்கும்போது வலது ப்ரொப்பெல்லரை பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே என்ஜினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் ஏசியும் எடுக்க முடிகிறது. இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். தரையில் மின்சாரம் தரும் ஏபியு என்ற சின்னத் துணை என்ஜின் ஏடிஆரில் கிடையாது. அந்த வேலையை இது செய்கிறது. இந்த ஒரு விஷயத்தைக் காகிதத்தில் படம் போட்டு விளக்கத் தெரிந்தால், என்ஜின் பற்றிய கேள்விகளில் பாதி தாண்டிவிட்டீர்கள்.

மீதிப் பாதி, என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது. இரண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம், பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றினால் கிரிட்டிகல் என்ஜின் (நின்றுபோனால் அதிகச் சிக்கல் தரும் என்ஜின்) இடதுதான். ஏன் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். மூக்கு தூக்கியிருக்கும்போது கீழிறங்கும் பிளேடு அதிகம் இழுக்கும். வலது என்ஜினில் அந்தப் பிளேடு உடற்பகுதியிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆகவே இடது நின்றால் வலது என்ஜின் விமானத்தைத் திருப்பும் விசை கூடுதல். அப்புறம் ஃபெதரிங், அதாவது காற்றைத் தடுக்காதபடி ப்ரொப்பெல்லர் பிளேடுகளைத் திருப்பி வைப்பது. ஏடிஆர் புறப்படும்போது ஒரு என்ஜின் பழுதானால் ஏடிபிசிஎஸ் என்ற அமைப்பு அந்தப் பக்க ப்ரொப்பெல்லரைத் தானாகவே ஃபெதர் செய்து, மற்ற என்ஜினின் சக்தியைக் கூட்டிவிடும். வி1, விஆர், வி2, விஎம்சிஏ என்ற வேகங்கள் எல்லாவற்றையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். தனித்தனி வரையறையாக மனப்பாடம் செய்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

டர்போப்ராப் விபத்துகளில் இரண்டையாவது ஆழமாகப் படித்துவிட்டுப் போங்கள். 2015 பிப்ரவரி 4-ல் தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235. புறப்பட்ட உடனே வலது என்ஜினின் ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதருக்குப் போனது. கேப்டன் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த இடது என்ஜினின் பவரைக் குறைத்துவிட்டார். 43 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரி 15-ல் நேபாளம் பொக்ராவில் எட்டி ஏர்லைன்ஸ் 691. ஃப்ளாப்ஸை (இறக்கையின் பின்பக்க மடிப்புகளை) 30-க்கு வைக்கக் கேட்டபோது, ஃப்ளாப் லீவருக்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த, ப்ரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் ஃபெதர் நிலைக்கு இழுக்கப்பட்டன. இரண்டு ப்ரொப்பெல்லரும் உந்துவிசை தராமல் போய் 72 பேரும் இறந்தார்கள். "பைலட் தவறு சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். லீவரைத் தொட்ட பிறகு, நகர்த்துவதற்கு முன் கண்ணால் பார்த்து வாயால் சொல்லி உறுதி செய்வது ஏன் விதியாக இருக்கிறது, என்ஜினை நிறுத்துமுன் இருவரும் சேர்ந்து அடையாளம் காண்பது ஏன் என்று போக வேண்டும். டார்க் மீட்டரில் (என்ஜினின் முறுக்குவிசையைக் காட்டும் கருவியில்) அந்த நொடியில் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். இறந்தவர்களைப் பற்றி மரியாதையோடு பேசுங்கள். பேனல் இதைக் கவனிக்கும்.

பனி உறைதல் இன்னொரு முக்கியப் பகுதி. நம்ம ஊரில் எங்கே பனி என்று நினைக்க வேண்டாம். தரையில் 30 டிகிரி இருந்தால், ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறைந்து 15,000 அடிவாக்கில் 0 டிகிரி வந்துவிடும். ஏடிஆரின் உச்சவரம்பு 25,000 அடி. ஆகவே மழைக்காலத்தில் மேகத்தைத் தாண்டி மேலே போக முடியாமல், உறையும் மட்டத்துக்குள்ளேயே பறக்க வேண்டிய நிலை வரும். இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் பூட் காற்றால் உப்பிப் பனியை உடைக்கும். அதற்குப் பின்னால் படியும் பனியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 1994 அக்டோபர் 31-ல் அமெரிக்காவின் ரோஸ்லான் விபத்தில் 68 பேர் இறந்தது அப்படிப் படிந்த பனியால்தான். அதற்குப் பிறகு ரப்பர் பூட்டின் அகலம் கூட்டப்பட்டது.

வானிலையில் உங்களை யாரும் அசைக்க முடியாதபடி தயாராகலாம். வாடை எப்போது திரும்பும், சோழகம் எப்போது அடிக்கும், கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்பதெல்லாம் கடற்கரைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை), டாஃப் (வானிலை முன்னறிவிப்பு) மொழிக்கு மாற்றுங்கள். தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாகைக்குளம் விமான நிலையத்தில் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்த காலத்திலேயே ஏடிஆரும், இன்னொரு டர்போப்ராப்பான கியூ400-ம் அங்கே இறங்கின. இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். காலையில் மேற்குக் காற்று, பிற்பகலில் கடல் பக்கமிருந்து காற்று என்றால் எந்தப் பக்கம் இறங்குவீர்கள், ஈரமான குட்டை ஓடுபாதையில் பின்காற்று எவ்வளவு தூரத்தைத் தின்னும் என்று நீங்களே கேள்வி போட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்.

மனக்கணக்கும் இதோடு வரும். மதுரை ஓடுபாதை 09, அதாவது 090 டிகிரி திசை. காற்று 060 டிகிரியிலிருந்து 20 நாட். கோணம் 30, பாதி, அதாவது 10 நாட் குறுக்குக் காற்று, இடப்பக்கத்திலிருந்து. 45 டிகிரிக்கு 0.7, 60-க்கு 0.9 என்று வைத்துக்கொள்ளுங்கள். 17,000 அடியிலிருந்து 2,000-க்கு இறங்க, இடையிலுள்ள 15 ஆயிரத்தில் 15-ஐ மூன்றால் பெருக்கி 45 நாட்டிகல் மைல், வேகம் குறைக்கக் கொஞ்சம் கூடுதல். தரைவேகம் 240 என்றால் ஐந்தால் பெருக்கி, இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,200 அடி. மே மாத மதுரையில் 40 டிகிரி, உயரம் சுமார் 460 அடி, கியூஎன்ஹெச் (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 1013. நிலையான கணக்குப்படி அங்கே இருக்க வேண்டிய வெப்பம் 14. 26 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,120. அதோடு 460-ஐக் கூட்டினால் டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்று மெலிந்ததால் விமானம் உணரும் உயரம்) சுமார் 3,600 அடி. பேப்பர், கால்குலேட்டர் இல்லாமல் இது வர வேண்டும். தினமும் அரை மணி நேரம் போதும்.

சூழ்நிலைக் கேள்வி ஒன்று ஏறக்குறைய நிச்சயம். "கேப்டன் நிலைப்படாத அப்ரோச்சை (வேகமோ உயரமோ சரியாக அமையாமல் இறங்குவதை) தொடர்கிறார். நீங்கள் வலது சீட்டில் புதியவர். என்ன செய்வீர்கள்?" பலர் "மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். போதாது. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும். ரயில் நின்றுவிடும், இன்றைக்குச் சமாளித்துக்கொள்ளலாமா என்ற பேச்சே இருந்ததில்லை. 1,000 அடி, 500 அடி எல்லையும் அதேதான். மேகத்துக்குள் 1,000 அடியிலும் கண்பார்வைச் சூழலில் 500 அடியிலும் விமானம் நிலைப்படவில்லை என்றால் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மீண்டும் மேலே ஏறுவது. முதலில் விலகலை எண்ணோடு சொல்லுங்கள்: "வேகம் 15 கூடுதல்." பதிலில்லையா, "கோ அரவுண்ட்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் பதில் வராவிட்டால் கேப்டன் செயலிழந்ததாக எண்ணி, நிறுவனத்தின் எஸ்ஓபிபடி (வகுத்த செயல்முறைப்படி) கட்டுப்பாட்டை எடுப்பேன் என்று சொல்லுங்கள். குரல் தாழாமல் சொல்லுங்கள்.

எட்டு மாத இடைவெளியைப் பற்றிக் கேட்பார்கள். லாக்புக்கில் கடைசிப் பதிவின் தேதியைப் பார்த்ததுமே கேட்பார்கள். சாக்கு வேண்டாம். முடிந்தால் இந்த மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியின் சிமுலேட்டரில் சில மணி நேரம் எடுங்கள். ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது), ஐஎல்எஸ் (கருவி வழிகாட்டலில் இறங்குவது), ஒரு என்ஜினோடு ஏறுவது மட்டும் போதும். கடன் சுமை இருக்கும்போது இதைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் செலவு செய்வதாக இருந்தால் இதற்குச் செய்யுங்கள். கோட் சூட்டுக்கு வேண்டாம், சுத்தமான வெள்ளைச் சட்டையும் டையும் போதும். பணமே இல்லையென்றால் காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, உட்கார்ந்து, கை வைத்து, செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சிமுலேட்டர் தேர்வில் யாரும் உங்களிடம் பிசிறில்லாத பறத்தலை எதிர்பார்ப்பதில்லை. உயரம் 100 அடி தவறினால் உடனே கண்டுபிடித்துத் திருத்துகிறீர்களா, ஒருமுறை சொன்னதை அடுத்த முறை செய்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்கள்.

ஆங்கிலம். சர்வதேச அளவுகோலில் பைலட்டுக்கு வேண்டியது நான்காம் நிலை. உச்சரிப்பில் ஊர் வாசனை இருக்கலாம், புரிந்தால் போதும். உங்களுக்கு நாக்கு ஒட்டுவது ஆங்கிலம் தெரியாததால் இல்லை, வாய்விட்டுப் பேசாமல் மனதுக்குள்ளேயே படித்ததால். ஒவ்வொரு பதிலையும் நான்கு சின்ன வாக்கியமாக வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். அப்பா கரையில் இருக்கும் நாளில் அவரிடம் முதலில் தமிழில் விளக்குங்கள். காற்றையும் என்ஜினையும் தெரிந்தவர் "ஏன்?" என்று கேட்பார் பாருங்கள், பேனலின் கேள்வியும் அதேபோல்தான் வரும். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்ததை ஆங்கிலத்தில் மாற்றுவது சுலபம். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். ரேடியோவில் தினமும் செய்யப்போவது அதுதானே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள் தம்பி. மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் கடன் கதையைச் சொல்லி இரக்கம் தேடவும் வேண்டாம். கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத பதில் இருக்கிறது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், மீன்வளத் துறை டோக்கன் தராவிட்டால், அன்றைய வருமானம் போனாலும் படகு கரையில்தான் நிற்கும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று வீட்டில் கண்ணால் பார்த்தவர் என்பதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அதோடு ஏன் பிராந்திய சேவை என்பதையும் சேர்த்துவிடலாம். 2016-ல் அறிவித்த உடான் திட்டத்தின் பட்டியலில் ராமநாதபுரத்தின் பெயரும் உண்டு. ஆனாலும் விமானம் ஏற நாம் இன்னும் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோதான் போகிறோம். ஏடிஆர் இறங்கும் ஊர்களின் அருமை உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் நான்கு சின்ன செக்டார் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வரையான பயணம்) பறக்கிற வேலையில் லேண்டிங் அனுபவம் வேகமாகச் சேரும் என்பதும் உண்மையான காரணம்தான், தயங்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். லாக்புக்கின் மொத்தமும் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் இணையத் தளமான இஜிசிஏ-வில் இருக்கும் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று இன்றே கூட்டிப் பாருங்கள். முதல் நிலை மெடிக்கல், ஐஆர் (கருவி வழிப் பறக்கும் தகுதி), ரேடியோ உரிமம், மொழித்திறன் சான்று, பாஸ்போர்ட் எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேர்வு நடக்கும் ஊருக்கு முதல் நாளே போய்விடுங்கள். நடுவில் யாராவது "உள்ளே ஆள் இருக்கு" என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிப் பயிற்சிக்கு) பணம் கட்ட வேண்டி வந்தால் நிறுவனத்துக்கோ பயிற்சி மையத்துக்கோ நேரடியாக, ரசீதோடு மட்டும் கட்டுங்கள். தேர்வானதும் ஒப்பந்தப் பத்திரம் நீட்டுவார்கள். எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு, டைப் ரேட்டிங்கில் தேறாவிட்டால் பணம் யார் தலையில் என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்; கேட்பதில் தவறே இல்லை.