மூச்சு பழகிடும், எலும்பு பழக நாளெடுக்கும்

கேள்வி: சேர், வயசு 34, உயரம் 5 அடி 6 அங்குலம், நிறை 98 கிலோ, பிரஷருக்கு குளிசை போடுறன், நாள் முழுக்க கதிரையில இருக்கிற வேலை. போன மாசம் மச்சானோட சேந்து விடிய கல்லடிப் பாலத்தால ஓட வெளிக்கிட்டன், நாலாம் நாளே ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் ஒரே நோ. விடாம ஓடினா தானாப் போயிடுமாம், மச்சான் சொல்றான். ஓடவா, விடவா?
- வாசகர், கல்லடி

பதில்: மச்சான்ட நிறை எத்தின கிலோ தம்பி? அவர் 60 கிலோ ஆளெண்டா அவர்ட கணக்கு உங்களுக்குச் சரிவராது. ஓடக்குள்ள ஒவ்வொரு அடிக்கும் நம்மட நிறையப்போல ரெண்டு மூணு மடங்கு பாரம் ஒத்தக் கால்ல விழும், உங்களுக்கு அது 200 கிலோ, சிலநேரம் அதுக்கும் மேல. நோகாம என்ன செய்யும்?

நோ அடங்குமட்டும் ஓட்டத்த நிப்பாட்டுங்க. முன்னெலும்ப விரலால அமத்திப் பாருங்க. உள்பக்க ஓரம் நீளத்துக்கு நொந்தா பெரும்பாலும் ஓய்வோட ஆறிடும். ஒரே புள்ளியில சுள்ளெண்டு குத்தினா, இல்லாட்டி ராவுல படுத்துக் கிடக்கக்குள்ளயும் நொந்தா, எலும்புல மெல்லிய வெடிப்பா இருக்கலாம், டொக்டரிட்ட காட்டாம ஓடவே கூடாது. எப்பிடியும் நீங்க ஒருக்காப் போகத்தான் வேணும், பிரஷர் இருக்கே. சில பிரஷர் குளிசைக்கு நாடித்துடிப்பு லேசில ஏறாது, அதால மணிக்கூட்டுல துடிப்பப் பாத்து வேகம் பிடிக்கிற வேலை வேணாம்.

பிறகு மூணு கிழமை வெறும் நடை, அரை மணித்தியாலம். அதுக்குப் பிறகு பத்து நிமிசம் நடந்து உடம்பச் சூடாக்கி, ஒரு நிமிசம் ஓட்டம், ரெண்டு நிமிசம் நடை, இப்பிடி ஆறு தரம். ஒருநாள் விட்டு ஒருநாள், கிழமைக்கு மூணு நாள் காணும். ஓட்டமெண்டா பக்கத்துல வாறவரோட முழு வசனம் கதைக்க ஏலுற ஓட்டம், நடந்து போற ஆச்சி உங்கள முந்தினாலும் பறவாயில்ல.

நான் கண்ட மட்டுல கனபேர் மாட்டுறது ஒரு மாசம் போனாப்பிறகுதான். இளைப்புக் குறைஞ்சிடும், உடனே தூரத்தக் கூட்டிடுவாங்க, ஆனா எலும்பும் சவ்வும் பழக மாசக்கணக்கு எடுக்கும் எண்டது ஒருத்தருக்கும் ஞாபகம் வராது.

கடற்கரையில ஓட ஆசை வரும், இப்ப வேணாம். காஞ்ச மணல்ல குதிக்கால் புதையும், ஈரமணல் ஒரு பக்கம் சரிவு. மைதானத்துப் புல்லு நல்லம். செருப்போட ஓடாம குதிப்பக்கம் மெத்தெண்டிருக்கிற சப்பாத்து போடுங்க, தொடை உரசினா வஸ்லின். நம்மட ஊர்க் காத்துல ஈரம் கூட, வேர்வை காயாது, வெயில் ஏற முதல் முடிச்சிருங்க. நெஞ்சு இறுக்கம், தலைச்சுத்து, இடது கை, தாடை நோ வந்தா அந்த இடத்துலயே நிண்டு 1990 அம்புலன்ஸுக்கு கோல் எடுங்க.

மற்றது, ஓடி முடிஞ்சு கடையில ரெண்டு ரோல்ஸும் மூணு கரண்டி சீனி போட்ட பால் டீயும் அடிச்சா அண்டைக்கு ஓடினது கணக்குக்கே வராது. மச்சானையும் வீட்ட கூட்டிட்டு வந்து சீனி போடாத பிளேன்டீ குடுங்க.