டோஸை ஏற்றியும் ஈ சாகவில்லையா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் பத்துக் கறவை மாடும் கொஞ்சம் நாட்டுக்கோழியும் வைத்திருக்கிறேன். ஈத்தொல்லைக்கு முதலில் சைபர்மெத்ரின் அடித்தேன், நன்றாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. டெல்டாமெத்ரினுக்கு மாறினேன், அதுவும் சீக்கிரமே கைவிட்டது. இப்போது டோஸை இரட்டிப்பாக்கி அடிக்கிறேன். ஈ விழுகிறது, கொஞ்ச நேரத்தில் எழுந்து பறக்கிறது. வேறு என்ன மருந்து வாங்கலாம்?

பதில்: விழுந்த ஈ எழுந்து பறக்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். மருந்து நரம்பைத் தாக்கி ஈயை மல்லாத்துகிறது. ஆனால் ஈயின் உடம்பிலுள்ள நொதிகள் அந்த விஷத்தைச் சிதைத்துவிடுகின்றன. முறிந்ததும் கால் உதறி எழுந்துகொள்கிறது. சில ஈக்களுக்கு மருந்து போய் ஒட்ட வேண்டிய நரம்பின் கதவே உருமாறியிருக்கும். அவை விழுவதே இல்லை. டிடிடி என்ற பழைய பூச்சிமருந்துக்கு எதிராக ஈக்கள் இதே வேலையை 1940-களிலேயே காட்டிவிட்டன.

நீங்கள் பாட்டிலை மாற்றினீர்கள், மருந்தை மாற்றவில்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் எல்லாம் பைரித்ராய்டு என்ற ஒரே வகை. ஒன்றுக்குத் தப்பிய ஈ பெரும்பாலும் மற்றதற்கும் தப்பும். டோஸை ஏற்றினால் அரைகுறையாய்த் தாங்கியவை சாகும், முழுதாய்த் தாங்குபவை மட்டும் மிஞ்சி முட்டையிடும். ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். நம் சேலம் வெயிலில் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும் (ஏற்காட்டுக் குளிரில் இரண்டு மூன்று வாரம் இழுக்கும்). நீங்களே விதை பொறுக்கிக் கொடுத்த மாதிரிதான்.

ஆனாலும் அடுத்த மருந்துக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். காலித் தண்ணீர் பாட்டிலில் லேபிளில் சொன்ன அளவிலேயே கரைத்த மருந்தை ஊற்றி, உட்புறம் முழுக்க நனையச் சுழற்றி, கொட்டிவிட்டுக் காயவையுங்கள். இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டிலும் இருபது இருபது ஈக்களைப் பிடித்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்து, வாயைத் துணியால் கட்டி, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் ஈக்கள் நன்றாக இருந்து, மருந்து பாட்டிலில் ஏறக்குறைய எல்லாம் செத்துக் கிடந்தால் மருந்தில் குறையில்லை. எருக்குழியிலிருந்து தினமும் புது ஈ வந்துகொண்டிருக்கிறது. மருந்து பாட்டிலிலும் பாதிக்கு மேல் பறந்தால் எதிர்ப்பு வந்துவிட்டது. பைரித்ராய்டை அந்தப் பருவம் முழுக்க ஒதுக்கிவையுங்கள்.

இரண்டில் எதுவானாலும் வேலை எருக்குழியில்தான். குழியின் ஓரத்து மண்ணைக் கையகலம் கிளறுங்கள். புழு முற்றியதும் ஈரத்தை விட்டு ஓரத்துக்கு நகர்ந்து கூடாகும். செம்பழுப்பு நிறக் கூடுகள் அங்கே கொத்தாகக் கிடக்கும். காலிக் கூட்டைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். ஒரு முனை மூடி போலத் திறந்திருந்தால் ஈ வெளியேறிய கூடு. ஊசி குத்தியது போல ஒரு சின்ன ஓட்டை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி வந்த கூடு. அது ஈயைத் தின்றுவிட்டு வெளியே வந்திருக்கிறது. அந்தக் குளவியும் ஈ முட்டையைத் தின்னும், சாணியில் வாழும் சிற்றுண்ணிகளும் (mites) உங்களுக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கின்றன. சாணிக் குவியல் மேல் மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். புழுவுக்கும் எதிர்ப்புப் பழகக் கூடுதலாக ஒரு வாய்ப்பு. இந்தப் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

சாணியை வாரம் இரண்டு முறை அள்ளி, ஓர் அங்குல கனத்தில் வெயிலில் பரப்புங்கள். ஈரம் போனால் புழு பிழைக்காது. பரப்ப இடமில்லையென்றால் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடுங்கள், உள்ளே ஏறும் சூடே கொன்றுவிடும். கோழிக்கொட்டகையில் ஒழுகும் தண்ணீர் நிப்பிளை மாற்றாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. நம் ஊருக்கே உரிய இன்னொன்று: சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வாங்கும் மரவள்ளித் திப்பி, அதாவது மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை. ஈரமாகக் குவித்துப் புளிக்கவிட்டால் எருக்குழிக்குச் சமமான ஈ அதிலும் உற்பத்தியாகும். காயவைத்தே சேமியுங்கள்.

மருந்து தேவைப்பட்டால், வேறு வகையாக இமிடாகுளோப்ரிட் கலந்த ஈ இரைக் குருணை கிடைக்கும். மாட்டின் நாக்கும் கோழியின் அலகும் எட்டாத இடத்தில் வையுங்கள். இதையே வருடம் முழுக்க வைத்தால் இதையும் தின்னாமல் ஒதுங்கும் ஈக்கள் வந்துவிடும். சில வாரம் வைத்து நிறுத்துங்கள். தெளிப்பதானால் இரவில் ஈ அடையும் உத்திரம், கயிறு, கம்பிகளில் மட்டும். பால் குடமும் தீவனத்தொட்டியும் வெளியே போன பிறகு.

கடைக்காரர் "இது அடித்தால் உடனே விழும்" என்று டைக்ளோர்வாஸ் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்குத் தடை.