மஞ்சக் கல்லா, ஊதாக் கல்லா, அரைச்சுப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, நான் ஜெர்மனியில இருக்கிறன். இங்க பழைய சாமான் சந்தையில 15 யூரோ குடுத்து ஒரு தீட்டுக்கல் வாங்கினனான். ஒரு பக்கம் வெளிர் மஞ்சள், மற்றப் பக்கம் கருஊதா. தன்ர அப்பப்பாவின்ர சவரக்கத்திப் பெட்டிக்குள்ள கிடந்ததெண்டு வித்தவர் சொன்னார். இது என்ன கல்? இயற்கைக் கல்லா, ஃபாக்டரிக் கல்லா?

பதில்: தம்பி, நீங்க எழுதினத வெச்சுப் பாத்தா பெல்ஜியத்து கோட்டிகூல் கல்லா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆர்டென் மலைப்பக்கம் வியல்சாம், சால்ம்ஷாட்டோன்னு ஊருங்க, அங்க பூமிக்குள்ள ஊதா ஸ்லேட்டுக்கு நடுவுல மெல்லிசா மஞ்ச அடுக்கு ஓடும், கேக்குக்கு நடுவுல க்ரீம் தடவுன மாதிரி. அந்த மஞ்ச அடுக்குதான் சரக்கு. அதுக்குள்ள ஸ்பெசார்ட்டின்னு ஒரு வகை கார்னெட், நம்மூர்ல கோமேதகம்னு சொல்ற இனம், பொடிப்பொடியா சுமார் 5 மைக்ரான்ல (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்து 20 மைக்ரான் வரைக்கும் நிறைஞ்சு கிடக்கு. பன்னெண்டு முகம் இருக்குற உருண்டைங்கிறதால இரும்புல ஆழமா கீறாம மேலாக்க சுரண்டும், முகத்துல வைக்கிற கத்திக்கு வேணுங்கிறது அதானே.

ஆனா மஞ்சளும் ஊதாவும் இருந்தா போதும்னு முடிவு பண்ணிடாதீங்க. மொதல்ல கல்லோட பக்கவாட்டப் பாருங்க, நனைச்சுட்டுப் பாருங்க. ரெண்டு நிறமும் சேர்ற கோடு கொஞ்சம் நெளிஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்த மாதிரி இருந்தா அது பூமியிலயே ஒட்டினது. ஸ்கேல் வெச்சுக் கிழிச்ச மாதிரி நேரா இருந்து நடுவுல பசை தெரிஞ்சா, மஞ்ச அடுக்கு மெல்லிசுங்கிறதால உடையாம இருக்க அடியில ஸ்லேட் ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அதுவும் பழங்காலத்துல இருந்து பண்றதுதான், போலின்னு நினைக்க வேணாம். இத நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும்னு ஒரு கல்ல தண்ணியில போட்டு அடுப்புல வெச்சேன், பத்து நிமிஷத்துல பசை விட்டு ரெண்டா பிரிஞ்சு வந்துச்சு, மஞ்சத் துண்டு பிஸ்கெட் மாதிரி கையில இருந்தது. நீங்க கொதிக்க வைக்காதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் வெளக்குற சோப்புப் போட்டுத் தேச்சாலே போதும்.

அடுத்தது அரைச்சுப் பாக்குறது. சந்தனக்கட்டைய கல்லுல உரசுறோம்ல, அதே மாதிரி கொஞ்சம் தண்ணி விட்டு மஞ்சப் பக்கத்துமேல அதே ரகத்துல ஒரு சின்னத் துண்டு, இல்லாட்டி வைரப்பொடி பதிச்ச ஒரு டைமண்ட் தகட வெச்சுத் தேய்ங்க. மஞ்சள் பக்கத்துல வெள்ளையா பால் மாதிரி குழம்பு வரும், ஊதாப் பக்கத்துல ஊதாவாவே வரும். காஞ்ச கல்லோட நிறம் ஏமாத்திடும், குழம்போட நிறம் அவ்வளவு சுலபமா ஏமாத்தாது.

அதுலயும் சந்தேகமா இருந்தா கிச்சன் தராச எடுங்க. கல்ல மொதல்ல எடை போடுங்க. அப்புறம் தண்ணி இருக்குற பாத்திரத்த தராசுல வெச்சு சைபர் ஆக்கிட்டு, கல்ல நூல்ல கட்டி அடியில படாம முழுசா முங்குற மாதிரி தொங்கவிடுங்க, அப்ப காட்டுற கிராம்தான் கல்லோட கன அளவு. முதல் எடைய இதால வகுங்க, வர்றதுதான் அடர்த்தி. 318 கிராம் கல்லு 98 காட்டுச்சுன்னா 3.2 சொச்சம். கோமேதகம் கனம்ங்கிறதால நல்ல மஞ்சக் கல்லு 3-ஐத் தாண்டும், சாதா ஸ்லேட்டு 2.7, 2.8-ல நின்னுடும். உங்க கல்லுல ரெண்டு அடுக்கும் சேர்ந்திருக்கு, அதனால கொஞ்சம் குறைச்சலா வந்தாலும் பதறாதீங்க. 15 யூரோவுக்கு இது கெடச்சிருந்தா, சந்தோஷமா இருங்க, வித்தவர்கிட்ட போயி சொல்லிடாதீங்க.

கேள்வி: லேபிள் இல்லாத ஒரு பச்சைக் கல்ல 'எஷர்'னு சொல்லி பெரிய விலை கேக்குறாங்க சார். நம்பலாமா?

பதில்: எஷர்ங்கிறது ஜெர்மனியில சோன்னபெர்க் ஊர்ல இருந்த கம்பெனி, அந்தத் துரிங்கியாப் பகுதி ஸ்லேட்ட அறுத்து லேபிள் ஒட்டி உலகம் பூரா வித்தாங்க. லேபிள் இல்லாட்டி அதிகபட்சம் துரிங்கியாக் கல்லுன்னு சொல்லலாம், கம்பெனி பேருக்குன்னு தனியா காசு குடுக்குறதுல அர்த்தம் இல்ல. வெளிர் பச்சையில நல்ல ரகம் கிட்டத்தட்ட வெள்ளைக் குழம்பு விடும், கருநீல ரகம் சாம்பல் நிறமா விடும். கல்லு மிருதுவாத்தான் இருக்கும், ஓரத்துல ஊசியால கீறினா தடம் விழும். வேல்ஸ் நாட்டுலயும் பச்சை ஸ்லேட்டு வருது, அடர்த்தி ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால தராசு இங்க கை குடுக்காது. கத்தியத் தீட்டிப் பாத்துட்டு, கல்லுக்கான விலைய மட்டும் குடுங்க.

கேள்வி: கறுப்பா, கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒரு கல்லு இருக்கு. ஸ்லேட்டா அமெரிக்கக் கல்லா?

பதில்: ஊசியால கீறுங்க. கோடு விழுந்தா ஸ்லேட்டு. ஊசியோட இரும்புதான் தேஞ்சு பளபளன்னு கல்லுமேல ஒட்டுச்சுன்னா அர்க்கான்சாவா இருக்கலாம், அது அமெரிக்காவுல அர்க்கான்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் மலையில எடுக்குற நோவாக்குலைட்ங்கிற பாறை, கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. தேச்சாலும் குழம்பு வராது. அடர்த்தி 2.65-ஐத் தாண்டாது, மிருதுவான ரகத்துல நுண்துளை அதிகம்ங்கிறதால இன்னும் குறையும். இன்னொண்ணு, உள்ளங்கை அளவுல, மொத்தமும் ஒரே நிறமா, கோடோ புள்ளியோ இல்லாம இருந்தா அது பார்பருக்குன்னு ஃபாக்டரியில செஞ்ச கல்லு, ஸ்வாட்டிங்கிற பிராண்டு மாதிரி. பழைய பெட்டியில இருந்து வர்றதுல நிறைய இந்த ஜாதிதான், அதுவும் நல்லாவே வேலை செய்யும்.

கேள்வி: எங்க ஊர் சலூன்ல இப்ப யாரும் கத்தி தீட்டுறதே இல்லையே, ஏன்?

பதில்: நோய் பயம்தான் அண்ணாச்சி. பிளேட கவரோட பாதியா உடைச்சு ஹோல்டர்ல மாட்டி, ஒருத்தருக்கு ஒண்ணுன்னு தூக்கிப் போட்டுடுறாங்க. சலூனுக்கு அதான் சரி, தீட்டுற கத்திய சொந்தத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

கேள்வி: அப்பா வெச்சிருந்த ஐரோப்பாக் கல்லு நடுவுல குழிஞ்சிருக்கு, தேச்சு சமமாக்கலாமா?

பதில்: கண்டிப்பா ஆக்கணும்மா, குழிஞ்ச கல்லுல கத்தியோட முதுகும் வாயும் ஒண்ணா படாது. கண்ணாடிமேல 220 நம்பர் வாட்டர் பேப்பர் விரிச்சு, தண்ணி விட்டு, கல்லுல பென்சிலால கட்டம் போட்டு எல்லாக் கோடும் அழியுற வரைக்கும் தேய்ங்க, கடைசியா 600-ல ஒரு தடவ. தேய்க்குறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, எங்கயாச்சும் பழைய பேப்பர் லேபிள் ஒட்டியிருந்தா அந்தப் பக்கம் மட்டும் தண்ணி படவே கூடாது.