காலைல வர்ற பொன்மொழியும் நம்ம பொழப்பும் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "உங்களுக்குக் கை கொடுத்த ஒரு வாசகம் எது"ன்னு கேட்டிருந்தோம்ல, வாசகத்தை விட கேள்விதான் ஜாஸ்தியா வந்து சேர்ந்துச்சு. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே.

கேள்வி: எங்க ஃபேமிலி குரூப்புல என் ஓரகத்தி தினமும் விடியறதுக்குள்ள ரோஜாப்பூ படம் போட்டு ஒரு பொன்மொழி அனுப்பிடுவாங்க. எல்லாரும் கும்பிடு எமோஜி ஒண்ணு போட்டுட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிடுறோம். இதெல்லாம் படிச்சு யாராச்சும் திருந்தியிருக்காங்களா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபார்வர்டுல வர்றதுல முக்காவாசி யாருக்கு வேணா பொருந்துற மாதிரிதான் இருக்கும்மா, அதான் பிரச்சனையே. வாழ்க்கை ஒரு பயணம், அதை ரசியுங்கள்னு வரும், சரி ரசிச்சாச்சு, அப்புறம் கேஸ் புக் பண்ணணும், பையனுக்கு ஃபீஸ் கட்டணும், அதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த வரியப் படிச்சதும் இன்னைக்கு நான் செய்யப்போற ஏதாவது ஒரு வேலை மேல அது போய் இடிக்குதா? இடிச்சா வச்சுக்கலாம். இல்லன்னா கும்பிடு போட்டுட்டுப் போயிடலாம், தப்பே இல்ல.

இடிக்கறதுன்னா என்னன்னு கேப்பீங்க. நம்ம ஊர் கவர்மென்ட் பஸ்ல எல்லாம் குறள் எழுதியிருக்குமே, பாத்துட்டே போவோம், ஸ்டாப் வந்ததும் எறங்கிடுவோம். அதே குறள்ல 478ஆவது ஒண்ணு இருக்கு: "ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை." வரவு சின்னதா இருந்தாலும் கெட்டுப்போக மாட்டோம், செலவு போற வழி அகலமாகாம இருந்தா போதும். அவ்ளோதான், இதுல ரோஜாப்பூவும் இல்ல சூரிய உதயமும் இல்ல. ஆனா சம்பளம் ஏறின மாசமே புது ஃபோனை ஈஎம்ஐல எடுக்கறவங்களுக்கு இது சுருக்குன்னு குத்தும். இன்னும் வேடிக்கை என்னன்னா இது ராஜாவுக்குச் சொன்னது, பொருட்பால்ல வலியறிதல்ங்கற அதிகாரத்துல வருது. அதே அதிகாரத்துலதான் மயிலிறகா இருந்தாலும் அளவுக்கு மீறி ஏத்தினா வண்டி அச்சு முறிஞ்சுடும்ங்கற குறளும் இருக்கு (475). மாசம் 199, 149, 299னு ஓடிடி, கேம், ஆப்னு கட்டிட்டே இருக்கோமே, தனித்தனியா பாத்தா மயிலிறகுதான். உங்க ஓரகத்திகிட்ட ஒரு நாள் இத அனுப்பிப் பாருங்க, குரூப்புல கும்பிடு எமோஜி கொஞ்சம் குறையும்னு நினைக்கிறேன்.

கேள்வி: "பொறுத்தார் பூமி ஆள்வார்"ங்கறாங்க, "ஒன்றே செய், நன்றே செய், அதுவும் இன்றே செய்"ங்கறாங்க. துணிஞ்சவனுக்கு துக்கமில்லன்னு ஒருத்தர், ஆழம் தெரியாம கால விடாதேன்னு இன்னொருத்தர். வேலைய விட்டுட்டு சொந்தமா ரெடிமேட் கடை போடலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன், எதைத்தான் நம்புறது?
– வாசகர், ஈரோடு

பதில்: நாலும் நெசந்தான் சார். நாலும் வேற வேற ஆளுக்கு சொன்னது, நாம எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வச்சிருக்கோம். வள்ளுவரையே எடுத்துக்கங்க, 38ஆவது அதிகாரம் ஊழ், அதோட கடைசி குறள் "ஊழிற் பெருவலி யாவுள"ன்னு ஆரம்பிக்குது, விதிய விட பலமானது எதுங்கறாரு. அங்கேருந்து 62ஆவது அதிகாரத்துக்குப் போனா, தெய்வத்தால ஆகலன்னாலும் உடம்பு வருந்தின அளவுக்குக் கூலி கிடைக்கும்ங்கறாரு, அடுத்த குறள்லயே தளராம உழைக்கிறவன் அந்த ஊழையே முதுகு காட்டி ஓட வைப்பான்னு வேற சொல்றாரு. ஒரே மனுசன், ஒரே புக்கு. குழப்பமான்னா இல்ல, எல்லாம் போச்சேன்னு உக்காந்திருக்கறவன்கிட்ட பேசறது வேற, எல்லாம் என்னால மட்டுந்தான் நடக்குதுன்னு ஆடறவன்கிட்ட பேசறது வேற, ரெண்டு பேரும் இதப் படிப்பாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

அதனால என் கணக்கு என்னன்னா, எந்த வாசகம் உங்களுக்கு இனிக்குதோ அத தள்ளி வச்சுட்டு உங்க சுபாவத்துக்கு எதிரா நிக்கறத எடுங்க. அவசரக்காரருக்கு "இன்றே செய்" ரொம்பப் பிடிக்கும், அவருக்கு அது விஷம். தள்ளிப் போட்டுட்டே இருக்கறவருக்கு "பதறாத காரியம் சிதறாது" அவ்ளோ ஆறுதலா இருக்கும், அவருக்கு அதுதான் சாக்கு. நீங்க எந்த ரகம்னு உங்க வீட்டுக்காரம்மாவ கேளுங்க, ஒரு செகண்டுல சொல்லிடுவாங்க. கடை விஷயத்துக்குன்னா 467: "எண்ணித் துணிக கருமம்". எண்ணறது முதல்ல, துணியறது அப்புறம், எறங்கினதுக்கப்புறம் யோசிச்சுக்கலாம்ங்கறது கேவலம்னு ரெண்டாவது அடில வருது. எண்ணறதுன்னா உங்க விஷயத்துல அட்வான்ஸ், வாடகை, சரக்கு, தீபாவளி சீசன் விட்டா மத்த மாசம் எப்படி, கடன் குடுத்தா திரும்பி வருமா, கடை பிக்கப் ஆகற வரைக்கும் வீட்டு செலவுக்கு என்ன வழி, இத பேப்பர்ல எழுதறது. எழுதி முடிச்ச பிறகும் ஆசை இருந்தா போடுங்க கடைய.

கேள்வி: "உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" – காந்தி சொன்னதுதானே?
– மாணவர், மதுரை

பதில்: அந்த வார்த்தைகள்ல அவர் எழுதினதா எங்கயும் கிடைக்கல தம்பி. கிட்டத்தட்ட அதே கருத்து 1913ல தென்னாப்பிரிக்காவுல அவர் நடத்தின இந்தியன் ஒப்பீனியன்ல இருக்கு: நாம மாறினா உலகத்தோட போக்கும் மாறும், மத்தவங்க என்ன செய்றாங்கன்னு பாத்துட்டு நாம காத்திருக்க வேண்டியதில்ல. எந்தக் கட்டுரைலன்னு நெனைக்கிறீங்க? உடம்ப பாத்துக்கறது பத்தின தொடர், அதுல பாம்புக்கடி பத்தின பகுதி! போஸ்டர்ல போடற வரியவிட எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, உலக மாற்றம்னு பெருசா ஆரம்பிக்காம பாம்பு கடிச்சா என்ன பண்றதுங்கற பேச்சுக்கு நடுவுல சொல்லியிருக்காரு.

கேள்வி: என் பொண்ணு குரூப் 4 எழுதறா. ரூம் சுவர் பூரா பொன்மொழி ஒட்டி வச்சிருக்கா, ஃபோன் வால்பேப்பர் கூட "வீழ்வேனென்று நினைத்தாயோ"தான். போன தடவை கொஞ்ச மார்க்குல போயிடுச்சு, அதுலேருந்து அத பாத்தா அழறா. கிழிச்சுப் போட்டுடட்டுமா?
– அம்மா, விழுப்புரம்

பதில்: கிழிக்காதீங்கம்மா, கூட நாலு வரி சேத்து ஒட்டச் சொல்லுங்க. பாரதியார் பாட்டுல "வீழ்வேனென்று நினைத்தாயோ"வோட எல்லாரும் நிறுத்திடுறாங்க, ரீல்ஸ்ல மியூசிக் ஏத்தி விட்டு அதோட கட். யாரோ எதிரிய பாத்து சவால் விடற மாதிரி ஆயிடுது. ஆனா அது யோக சித்தின்னு ஒரு பாட்டு, வரம் கேட்டல்னு போட்டிருப்பாரு, அவர் பேசறது பராசக்திகிட்ட. சவால் விட்ட கையோட "நின்னைச் சில வரங்கள் கேட்பேன்"னு எறங்கிடறாரு. என்ன கேக்கறாரு தெரியுமா, முன்ன செஞ்ச தீய வினையோட பயன் இனிமே மூளாம அழிஞ்சு போகணும், என்னைப் புது உயிரா ஆக்கணும், எனக்கு ஏதும் கவலை இல்லாம செய்யணும், புத்தியத் தெளிவாக்கணும், எப்பவும் சந்தோஷமா இருக்க வைக்கணும். இன்னும் கீழ போனா உடற்சோர்வு போகணும்னு கூட கேக்கறாரு. அவ்ளோ வீரமா பேசின மனுசனே கவலையா இருக்கு, டயர்டா இருக்குன்னு தாய்கிட்ட சொல்றாரு. உங்க பொண்ணு உங்ககிட்ட அழறதும் அதே பாட்டுதான்.

ஒரு பரிட்சைல மார்க் குறையறதுக்குப் பேரு வீழ்றது இல்ல. பாட்டுல அவர் பயப்படறது வேற ஒரு வாழ்க்கைக்கு, சோத்தத் தேடி தின்னுட்டு, வெட்டிக்கதை பேசிட்டு, மத்தவங்க வாடுற மாதிரி காரியங்கள் செஞ்சுட்டு, நரை கூடி கிழமாகிப் போற வாழ்க்கை. அதுக்கும் கட் ஆஃப் மார்க்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பொண்ண கொஞ்ச நாள் சுவத்த பாக்காம எந்தப் பகுதில மார்க் போச்சுன்னு பாக்கச் சொல்லுங்க, கணக்கா பொது அறிவான்னு. நீங்களும் "பாரதியே சொல்லியிருக்காரு"ன்னு ஆரம்பிச்சு அட்வைஸ் பண்ணிடாதீங்க, அது இன்னும் மோசம்.

கேள்வி: என் நாத்தனார் ஸ்டேட்டஸ்ல "முதுகில் குத்துபவர்கள் நிழல் போல் கூடவே இருப்பார்கள்"னு போடறாங்க. எனக்குத்தான்னு தோணுது. பதிலுக்கு நானும் ஒரு பொன்மொழி போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: போடாதீங்க. நீங்க ஒண்ணு, அவங்க ஒண்ணு, நடுவுல மாமியார் ஒண்ணுன்னு போயிட்டே இருக்கும். ஃபோன் போட்டு "என்ன மைனி, மனசுல ஏதாவது இருக்கா"ன்னு கேளுங்க. ஒருவேளை அவங்க ஆஃபீஸ்ல யாரையோ நெனச்சு போட்டிருக்கலாம்.

கேள்வி: பேச்சுப் போட்டிக்கு "யாதும் ஊரே யாவரும் கேளிர்" வச்சு பேசப் போறேன். எல்லாரும் அதையே பேசுவாங்களே, வித்தியாசமா என்ன சொல்லலாம்?
– 11ஆம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

பதில்: பாட்ட கடைசி வரைக்கும் படிச்சுட்டு மேடை ஏறும்மா, அதுவே வித்தியாசந்தான். கணியன் பூங்குன்றனார், புறநானூறு 192. கலாம் 2007ல ஐரோப்பிய நாடாளுமன்றத்துல போய் இத சொன்னாரு, அத ஒரு வரில சொல்லிட்டு நகந்துடு. ரெண்டாவது வரியே நன்மையும் தீமையும் அடுத்தவங்க தந்து வர்றதில்லைன்னு வருது. அப்புறம் மழை பெஞ்சு கல்லுல மோதி ஓடற பெரிய ஆத்துல தெப்பம் போற மாதிரி உயிர் போகும்ங்கறாரு, அது புரிஞ்சதனால பெரியவங்கள பாத்து வியக்கறதும் இல்ல, சின்னவங்கள இகழறது அத விட இல்லவே இல்லன்னு முடிக்கறாரு. செலிபிரிட்டி பின்னாடி ஓடறதும் கமெண்ட்ல ஒருத்தர கேலி பண்றதும் உங்க வயசுக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம், அத வச்சுப் பேசு. கை தட்டு கம்மியா வந்தாலும் பரவால்ல.

கேள்வி: ரிட்டயர்டு ஆசிரியர் நான். எங்க அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டுல தினம் ஒரு பொன்மொழி எழுதறேன், யாருமே நின்னு படிக்கறதில்ல. என்ன செய்யலாம்?
– வாசகர், சென்னை

பதில்: தினம் வேணாம் சார், வாரத்துக்கு ஒண்ணு போதும். எந்த நூல், எத்தனாவது பாட்டுன்னு கீழ போடுங்க, தெரியலன்னா அந்த வரியே வேண்டாம். அப்புறம் தண்ணி லாரி எத்தன மணிக்கு வருதுன்னு அதுக்கு நேர் கீழயே எழுதிடுங்க.