பத்து நிமிடக் கணக்கு

கேள்வி: அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் ஆக்ராய்ட் கொலை' நாவலைப் படித்து முடித்தேன். கதை சொல்லிக்கொண்டே வருகிற டாக்டர்தான் கொலைகாரர் என்று கடைசியில் போட்டு உடைக்கிறார்கள். இது வாசகனை ஏமாற்றும் வேலை இல்லையா? இதைப் போய் உலகின் தலைசிறந்த துப்பறியும் நாவல் என்கிறார்களே!
- வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில், நாவலை இன்னும் படிக்காதவர்களிடம் உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கொலைகாரனைக் கேள்வியிலேயே பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த வரியை வெட்டியிருக்கலாம். வெட்டினால் கேள்வியே மிஞ்சாது. போகட்டும், நாவல் வந்தது 1926இல். இத்தனை காலம் ரகசியம் தாங்கியதே பெரிது.

சரி, ஏமாற்று வேலையா? நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். ஆக்ராய்டின் அறைக்குக் கடிதம் வருவது 8.40க்கு. டாக்டர் ஷெப்பர்ட் அறையை விட்டுக் கிளம்புவது 8.50க்கு. அப்போதும் கடிதம் படிக்கப்படாமல்தான் கிடந்தது என்கிறார். கதவுப் பிடியில் கை வைத்தபடி, ஏதாவது செய்யாமல் விட்டுவிட்டோமா என்று திரும்பிப் பார்த்ததாகவும் எழுதுகிறார். நடுவில் பத்து நிமிடம் போயிருக்கிறது. அதில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் சொன்ன வரையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அப்புறம், அவர் வெளி கேட்டைத் தாண்டும்போது சர்ச் மணி ஒன்பது அடிக்கிறது. ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம் எப்படி ஆனது என்று பெல்ஜியத் துப்பறிவாளர் பொய்ரோ பிடித்துக்கொள்கிறார். பிணத்தைக் கண்டதும் பட்லரைப் போலீசுக்கு போன் பண்ண அனுப்பிவிட்டு, செய்ய வேண்டியிருந்த கொஞ்ச நஞ்சத்தைச் செய்ததாக டாக்டர் எழுதுகிறார். நாடி பார்த்திருப்பார் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். செத்தவர் ஒன்பதரை மணிக்கும் பேசிக்கொண்டிருப்பதாக மற்றவர்களை நம்பவைத்த டிக்டபோனை, அதாவது குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் கருவியை, பையில் போட்டதும், அதை மறைக்க இழுத்து வைத்த நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளியதும்தான் அந்தக் கொஞ்ச நஞ்சம்.

இதெல்லாம் போக, தாம் எழுதிவந்த பிரதியை ஷெப்பர்ட் பொய்ரோவிடமே படிக்கக் கொடுக்கிறார். அதுவரை நாம் படித்த அதே அத்தியாயங்கள். நடந்ததைத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பங்கை மட்டும் அடக்கி வாசித்திருக்கிறீர்கள் என்று பாராட்டுவதுபோல ஒரு குத்து குத்துகிறார் அந்த பெல்ஜியக்காரர். துப்பறிகிறவர் கையில் இருந்த தாள் உங்கள் கையிலும் இருந்தது. இதில் எங்கே மோசடி?

உங்களைக் கவிழ்த்தது வேறு விஷயம். பொய்ரோவின் வழக்கமான தோழர் ஹேஸ்டிங்ஸ் முந்தைய நாவலோடு அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். காலியான இடத்தில் டாக்டர் வந்து உட்கார்ந்தார். ஷெர்லாக் ஹோம்ஸின் தோழர் வாட்சன் காலத்திலிருந்தே அந்த இடத்தில் இருப்பவர் நல்லவர், கொஞ்சம் அசடு என்று நமக்குப் பழகிவிட்டது. கிறிஸ்டி அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லையே!

1929இல் எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். துப்பறிபவரின் தோழன் தன் மனத்தில் ஓடுவதை வாசகனிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சட்டம் வந்தது மூன்று வருடம் கழித்து. முன்தேதியிட்டுத் தண்டனை கொடுக்க முடியாது. வாசகனிடம் நேர்மையாக ஆட வேண்டும் என்று உறுதிமொழி வாங்கிய துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கமான 'டிடெக்‌ஷன் கிளப்', 1957இல் தன் தலைவராக உட்கார வைத்தது இதே கிறிஸ்டியைத்தான்.

தலைசிறந்த நாவல் என்று 2013இல் தேர்ந்தெடுத்தது பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர்கள் சங்கம். என் ஓட்டு அதற்கு விழுந்திருக்காது. காரணம் அந்த டிக்டபோன். டாக்டருக்கு இயந்திரங்களில் கை ஓடும் என்று முன்கூட்டியே காட்டிவிட்டாலும், குறித்த நேரத்தில் தானாகப் பேச வைப்பது, பையில் போட்டு எடுத்து வருவது எல்லாம் அப்படி ஒரு நிதானமான கதைக்குள் தகர டப்பாவைப்போல உருள்கிறது. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் அது.

என்னைக் கேட்டால் நாவலின் சொத்தே டாக்டரின் அக்கா காரோலைன்தான். வேலைக்காரி, பால்காரர் வாய்வழியாகவே கிங்ஸ் அபாட் கிராமத்தின் மொத்தச் சேதியையும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடி வரவழைக்கிறாள். கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிள் என்ற முதிய பெண்மணி இவளிடமிருந்து முளைத்திருக்கலாம் என்று கிறிஸ்டியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தம்பி மேலிருந்த கோபத்தில் அக்காவை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.