பழைய எம்ஜிபியில் தினமும் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். வேலை ஸ்லவ்வில், போக வர 30 மைல். 1973-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி (கூரை வைத்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே ஆசை. "ரோடு டாக்ஸ் இல்லை, எம்ஓடி (வருடாந்தர வாகனச் சோதனை) இல்லை, யூலெஸ் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான தினக் கட்டணம்) இல்லை, முழுக்க ரெஸ்டோர் பண்ணிய கார்" என்கிறார் விற்பவர். எனக்கு வேறு கார் கிடையாது. தினமும் ஓட்டினால் நடுவழியில் நின்றுவிடுமோ என்பதுதான் பயம். வாங்கலாமா?

பதில்: நடுவழியில் நிற்காது. ஒழுங்காகக் கவனித்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பத்து வயது கார் அளவுக்கு நம்பகமாகவே ஓடும். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த கார் இது. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் திறந்தால் அந்தக் காலத்துக் குடும்பக் கார்களில் இருந்த அதே வகை 1.8 லிட்டர் எஞ்சின். வாங்கியவர்கள் இதில்தான் வேலைக்குப் போனார்கள். பாகங்களுக்கும் பஞ்சமில்லை. 1988-லிருந்து மூல அச்சுகளை வைத்தே முழு பாடி ஷெல்லையும் புதிதாக அடித்து விற்கிறார்கள். எந்த கேஸ்கட்டும் நாளைக் காலை தபாலில் வந்து சேரும்.

என் கவலையெல்லாம் உங்கள் கடிதத்தில் உள்ள வேறு இரண்டு விஷயங்களைப் பற்றித்தான்: "வேறு கார் கிடையாது" என்பது ஒன்று, "எம்ஓடி இல்லை" என்பது இன்னொன்று.

முதலில் இன்சூரன்ஸ். கிளாசிக் கார் பாலிசி மலிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மலிவுதான்; ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அந்த பாலிசிகளில் பல, உங்களிடம் தினசரி ஓட்ட வேறொரு கார் இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமை வெயிலில் மட்டும் வெளியே வரும் என்ற கணக்கில் விலை போட்டவை. வருடத்துக்கு 3,000 அல்லது 5,000 மைல் என்று வரம்பு இருக்கும். உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தினம் 30 மைல், வருடத்தில் 220 வேலை நாள் என்றால் அலுவலகத்துக்கு மட்டுமே 6,600 மைல். கடை, கோயில், பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் தனி. அப்புறம் ஃபார்மில் 'கம்யூட்டிங்', அதாவது வேலைக்குப் போய்வருவது, என்ற கட்டம். அதில் டிக் இல்லாத பாலிசியோடு காலை எட்டு மணிக்கு எம்4 நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தினால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு: 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயின்ட். விபத்து என்றால் உங்கள் காருக்குப் பைசா வராமல் போகலாம்.

இங்கேதான் "நமக்குத் தெரிந்த பையன், ஃபார்ம் எல்லாம் அவனே போட்டுத் தருவான்" என்று ஒருவர் வருவார். அவர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் மச்சானின் டொயோட்டாவை 'இரண்டாவது கார்' என்று எழுதுவார். மைலை 3,000 என்று போடுவார். கராஜே இல்லாத வீட்டுக்கு கராஜ் கட்டிக் கொடுப்பார். பிரீமியம் குறையும், அவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போவார், பொய் சொன்னதாகப் பதிவாவது உங்கள் பெயர். இன்னும் மோசமான ரகம், வாட்ஸ்அப்பில் அழகான பிடிஎஃப் அனுப்புவார், பாலிசியே இருக்காது. மோட்டார் இன்சூரன்ஸ் டேட்டாபேஸில் உங்கள் வண்டி நம்பர் ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். புரோக்கர் உண்மையானவரா என்பதை, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏவின் பதிவேட்டில் பார்க்கலாம். இரண்டையும் செய்யாமல் காசு கொடுக்காதீர்கள்.

கிளாசிக் கார்களுக்கென்றே உள்ள இன்சூரன்ஸ்காரரிடம் நீங்களே போன் செய்து, "இது ஒன்றுதான் கார், தினமும் வேலைக்கு, வருடம் 9,000 மைல்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். சிலர் மறுப்பார்கள்; தருகிறவர்களும் உண்டு, விலைதான் கூடும். தருகிறவரிடம் 'அக்ரீட் வேல்யூ' கேளுங்கள். அதாவது கார் திருடுபோனாலோ நொறுங்கினாலோ இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அது இல்லாவிட்டால், ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்து ஐம்பது வருடப் பழைய காருக்கு ஒரு தொகையை நீட்டுவார்கள், நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது விற்பவர் சொன்ன மூன்று 'இல்லை'கள். டாக்ஸ் இல்லை என்பது சரி, ஆனால் தானாக வராது. லாக்புக்கில் (வண்டியின் பதிவு ஆவணம்) வரிப்பிரிவு 'ஹிஸ்டாரிக் வெஹிக்கிள்' என்று மாறியிருக்க வேண்டும். மாறிய பிறகும் வருடாவருடம் பூஜ்யம் பவுண்டுக்கு டாக்ஸ் போட்டாக வேண்டும். பூஜ்யத்துக்கும் ஒரு விண்ணப்பம்; இந்த நாட்டு நிர்வாகத்தின் அழகு அது. யூலெஸ் விலக்கு அந்த வரிப்பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து ஹாரோவும் அந்த எல்லைக்குள் இருப்பதால், லாக்புக்கில் அந்த வார்த்தை இல்லையென்றால் வீட்டு வாசலைத் தாண்டிய நாளெல்லாம் 12.50 பவுண்டு. லண்டன் நடுவில் வாங்கும் கஞ்சஷன் சார்ஜ் (நெரிசல் கட்டணம்) வேறு. அதற்கு இந்த விலக்கு உதவாது.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் மாட்டுவது இதில்தான். வேலைக்குப் போய்வர ஓட்டினால் விலக்கு போகாது. ஆனால் வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டினால் ஹிஸ்டாரிக் விலக்கு கிடையாது. எம்ஜிபி வாங்கினால் கொஞ்ச நாளில் ஒருவர் கேட்பார்: "தம்பி, மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கூட்டிவர உங்கள் காரைத் தாருங்கள், ஏதாவது பார்த்துச் செய்கிறோம்." காசு வாங்காமல் போய் வந்தால் ஒன்றுமில்லை, சாப்பாடும் கிடைக்கும். 'பார்த்துச் செய்த' 200 பவுண்டை வாங்கினால் அது வாடகை. டாக்ஸ் விலக்கும் யூலெஸ் விலக்கும் கேள்விக்குள்ளாகும், அதைவிட முக்கியமாக அன்றைக்கு உங்கள் சாதாரண பாலிசி செல்லாது. போட்டோகிராபர் ஷூட்டிங்குக்குக் கேட்டாலும், உணவகம் நடத்தும் நண்பர் விளம்பரத்துக்கு வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் காசு கொடுத்தாலும் இதே கதை. ஸ்லவ்வில் ஓர் அலுவலகம், ரெடிங்கில் இன்னொன்று என்று மாறி மாறிப் போகிறவர் என்றால், டாக்ஸுக்கு அல்ல, இன்சூரன்ஸுக்கு 'பிசினஸ்' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். கம்யூட்டிங் என்பது ஒரே ஒரு நிரந்தர இடத்துக்குத்தான்.

எம்ஓடிக்கு வருவோம். 2018 மே 20 முதல், நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடி தேவையில்லை என்று ஆக்கினார்கள். மூன்று வயதுக் காரை வருடாவருடம் தூக்கிப் பார்க்கச் சொல்லும் அதே அரசு, ஐம்பது வயதுக் காரை யாரும் பார்க்க வேண்டாம் என்கிறது. இந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருமுறையாவது எம்ஜிபியின் அடியில் படுத்துப் பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். சோதனைதான் விலக்கு, பொறுப்பு விலக்கல்ல. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம், பாயின்ட் தனி.

எனவே இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். அரசின் எம்ஓடி வரலாறு பக்கத்தில் அந்தக் காரின் நம்பரைத் தட்டுங்கள்; இலவசம். கடைசி எம்ஓடி எந்த வருடம்? 2017 என்று நின்றுபோய், அதற்கு மேல் ஒன்றுமே இல்லாமல், அந்தக் கடைசித் தாளிலும் அதற்கு முந்தையதிலும் 'கரோஷன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தால், கதை தெரிந்துவிட்டது. துருவைச் சரிசெய்யவில்லை, பார்க்கிறவரை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் துரு எங்கே இருக்கும்? இந்தக் காருக்கு ஷாஸி என்று தனியாகச் சட்டகம் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பெட்டி அழுகினால் கார் நடுவில் தொய்யும். ஜிடிக்கு மேலே கூரை இருப்பதால் திறந்த ரோட்ஸ்டர் அளவுக்கு உடனே காட்டிக்கொடுக்காது, அவ்வளவுதான். ஒழுங்கான வேலை என்றால் முன் விங்கின் (முன் சக்கரத்தை மூடும் தகடு) அடிப்பகுதியை வெட்டி எடுத்து, சில்லை உள்ளேயிருந்து அடுக்கடுக்காக மாற்றி, மறுபடி விங்கை வெல்டிங் வைக்க வேண்டும், ஏனென்றால் சில் விங்குக்குள்ளும் நீண்டு போகிறது. பல நாள் வேலை. இதைத் தவிர்க்க, வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு தகட்டை மேலே ஒட்டி பெயின்ட் அடித்துவிடுவார்கள்; சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்யாமல் மேலே தொப்பி மாட்டுவது மாதிரி.

விற்பவர் வீட்டுக்குப் போகும்போது ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே விங்கின் கீழ் நான்கு விரற்கடை, கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவு, இந்த மூன்று இடத்திலும் வையுங்கள். பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே இருப்பது இரும்பல்ல, ஓட்டையை அடைக்கும் ஃபில்லர் மாவு. அப்புறம் ஜாக் வைக்கும் இடத்தில் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி குறுகிக் கதவு இடித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். "முழுக்க ரெஸ்டோர்" என்றால் வெட்டித் திறந்து வைத்திருந்த நேரத்துப் படங்கள் இருக்க வேண்டும். பளபளக்கும் பெயின்ட்டுக்கு மட்டும் படம் வைத்திருப்பவர் பெயின்ட்டை மட்டும்தான் ரெஸ்டோர் செய்திருக்கிறார்.

எஞ்சின் பக்கம் அதிகம் பயப்பட வேண்டாம். சாவியைப் பாதி திருப்புங்கள். பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக், டிக் என்று வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிடும். கார்பரேட்டர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே டிக் டிக் நிற்காமல் போனால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது டாங்க் காலி. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருக்கிறதா, ஏறுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். 1973-இல் அதற்குத் தனிக் காசு, எல்லாக் காரிலும் இருக்காது. அது இல்லாமல் எம்4-இல் 70 மைல் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்றில் அலறும். இருந்தால் 3,200 பக்கம் இறங்கும். தினசரிப் பயணத்துக்கு அதுதான் உண்மையான சொகுசு.

பெட்ரோல், எத்தனால் குறைவாகக் கலந்த சூப்பர் ஈ5 மட்டும். 2021-லிருந்து சாதாரண பம்பில் வரும் ஈ10 பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். 3,000 மைலுக்கு ஒருமுறை புது எஞ்சின் ஆயில் (20டபிள்யூ-50 ரகம்), கூடவே முன் சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளான கிங்பின்களுக்கு க்ரீஸ். உங்கள் ஓட்டத்துக்கு வருடம் மூன்று தடவை வரும். தெருமுனை கராஜில் க்ரீஸ் கன்னே இருக்காது, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்கு முன் சில்லுக்குள் மெழுகு அடித்துவிட வேண்டும், சாலையில் தூவும் உப்புக்கு வேறு மருந்தில்லை. ஏபிஎஸ், ஏர்பேக் கிடையாது. பின்னால் பெல்ட் இல்லாவிட்டால் அங்கே மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றுவது சட்டப்படி தவறு.

கார் இத்தனையும் தாண்டினால் விற்பவரிடம், "சாதாரண எம்ஓடி ஒன்று போடுவோம், காசு என்னுடையது" என்று சொல்லுங்கள். அதிகபட்சம் 54.85 பவுண்டு. விலக்கு இருந்தாலும் கேட்டால் சோதிப்பார்கள். அவர் தயங்கினால் வாங்காதீர்கள். ஒத்துக்கொண்டு கார் பாஸும் ஆனால் வாங்குங்கள், ஆனால் அவர் போட்டிருந்த டாக்ஸ் உங்களுக்கு மாறாது. பூஜ்யம் பவுண்டுதானே என்று அப்படியே ஓட்டி வராமல், லாக்புக்கின் பச்சைச் சீட்டை வைத்து அங்கேயே உங்கள் பெயரில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.